காரணி கிடைக்கல, டீச்சர்

 

மேல்மலையில் மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற நேரத்தில், ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். பதிவு நீளம். கணக்கு வேறு வருகிறது. பயப்படாதீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே போகிற இடங்களில் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பு.

1986-ஆம் வருடம். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். பல்லுறுப்புக்கோவைகளைக் காரணிப்படுத்தும் பாடம். வீட்டுப்பாடமாக ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நாலாவது கணக்கு ய² + 7ய + 12 என்று இருக்க வேண்டும். (கைபேசியில் ஆங்கில எழுத்துக்கு மாறி மாறித் தட்ட எனக்கு வரவில்லை. அதனால் எக்ஸுக்குப் பதிலாக ‘ய’ என்றே எழுதுகிறேன்.) மணி அடித்த அவசரத்தில் 12 என்பதை 21 என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் நோட்டுகள் வந்தன. முக்கால்வாசி நோட்டில் நாலாவது கணக்குக்கு விடை (ய + 3)(ய + 4). கைடில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். நானும் கேள்வியைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்து டிக் போட்டுக்கொண்டே போனேன். ஒரே ஒரு பையனின் நோட்டில் மட்டும் நாலு பக்கத்துக்கு அடித்து அடித்து எழுதியிருந்தது. 3-ம் 7-ம் போட்டுப் பார்த்திருக்கிறான், 1-ம் 21-ம் போட்டுப் பார்த்திருக்கிறான், கழித்தல் குறி போட்டுப் பார்த்திருக்கிறான். கடைசியில் ஒரு வரி: “காரணி கிடைக்கல, டீச்சர்.”

அவனை வராந்தாவில், அந்தப் பனியில், ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். “எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் ஏன் வரல? உனக்குக் கணக்கு வராதுடா” என்று சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு நோட்டைப் புரட்டும்போதுதான் கேள்வியில் 21 என்று இருப்பது கண்ணில் பட்டது. (ய + 3)(ய + 4) பெருக்கினால் கடைசியில் 12 தானே வரும்? அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாடம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருவர் “டீச்சர்!” என்று ஓடி வந்தார். அவன்தான். தலை நரைத்திருந்தது. மேல்மலையிலிருந்து வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகிறாராம். மகள் பத்தாவது படிக்கிறாள் என்றார். “பிள்ளைக்கு எல்லாப் பாடமும் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன் டீச்சர். கணக்கு மட்டும் முடியல. எனக்குத்தான் கணக்கு வராதே, நீங்களே சொல்லியிருக்கீங்களே” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எழுதப்போவது அந்தக் கடனுக்காக.

கேள்வி இதுதான். கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்கு வந்த எண்களைப் போட்டு ஒரு கோவை எழுதினால், அது காரணிப்படுமா? நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு?

நம் பாடப்புத்தகத்தைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு என்றுதான் தோன்றும். பயிற்சியில் இருபது கணக்கு இருந்தால் இருபதும் உடையும். நம் மலைப்பூண்டு மாதிரி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூண்டை எடுத்து அழுத்தினால் பல் பல்லாகப் பிரியும். எப்போதாவது ஒரு ஒற்றைப் பல் பூண்டு கையில் சிக்கினால் அதிசயமாகப் பார்ப்போம். கோவைகளும் அப்படித்தான், உடைவது வழக்கம், உடையாதது அதிசயம் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ்.

எண்ணிப் பார்த்துவிடுவோம். ய² + (நடு எண்)ய + (கடைசி எண்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண் 12 என்றால், அதை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத மூன்றே வழி: 1 × 12, 2 × 6, 3 × 4. கூட்டினால் 13, 8, 7. ஆகவே நடு எண் 13, 8, 7 என்ற மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் கோவை உடையும். நடு எண்ணை 1 முதல் 100 வரை எதுவாக வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால், நூறில் மூன்றுதான் தேறும். மற்ற 97 கோவைகளும் உடையாது.

போன விடுமுறைக்கு வந்த பேத்தியிடம் இதைச் சொன்னேன். “இருங்க அம்மாச்சி” என்று மடிக்கணினியை எடுத்துப் பைத்தானில் பத்து வரி எழுதினாள். இரண்டு எண்களும் 1 முதல் 10 வரை என்றால் மொத்தம் 100 கோவைகள். அவற்றில் உடைவது 14. இதை நான் கையாலும் எண்ணிச் சரிபார்த்தேன், நீங்களும் பாருங்கள். 1 முதல் 100 வரை என்றால் மொத்தம் 10,000 கோவைகள். உடைவது 245. அதாவது நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. 1 முதல் 1000 வரை என்றால் மொத்தம் 10 லட்சம். உடைவது 3,549. ஆயிரத்துக்கு மூன்றரை! எண்களின் எல்லையைப் பத்து மடங்கு ஆக்கும்போதெல்லாம் வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்று சரிந்துகொண்டே போகிறது.

அப்படியானால் பாடப்புத்தகத்தில் மட்டும் எல்லாம் எப்படி உடைகிறது? புத்தகம் எழுதுகிறவர் முதலில் (ய + 3)(ய + 4) என்ற விடையை எழுதிக்கொண்டு, அதைப் பெருக்கித்தான் கேள்வியைத் தயாரிக்கிறார். அதனால்தான் 12, 24, 36, 60 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிறைய விதமாகப் பிரியும் எண்கள் இவை.

இந்த எண்களை ஒருவர் பெயர் வைத்துக் கொண்டாடியிருக்கிறார். நம் கும்பகோணம் சீனிவாச ராமானுஜன்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள 60-ஐயே எடுத்தாலும் ஆறு வழிதான் இருக்கிறது: நடு எண் 61, 32, 23, 19, 17, 16. நூறில் ஆறு. அவ்வளவு தாராளமான எண்ணுக்கே இந்த நிலை என்றால் மற்ற எண்களைக் கேட்கவே வேண்டாம்.

ராமானுஜனை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மலையோடு அவருக்கு ஒரு மெல்லிய தொடர்பு. கொடைக்கானலில் நாம் அப்சர்வேட்டரி என்று சொல்கிற சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் தொடங்கியது. உங்களில் பலரை அங்கே சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். அந்த ஆய்வுக்கூடம் அன்று இந்திய ஆய்வுக்கூடங்களின் தலைமை இயக்குநரின் கீழ் இருந்தது. 1904 முதல் அந்தப் பதவியில் இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் இடம் வாங்கியவர். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் நோட்டுகளை அவரிடம் காட்டினார்கள். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில வருடங்களாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதம் செய்ய வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். அந்த வருடம் மே மாதத்திலிருந்து ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பட்டம் இல்லாதவர், கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்று மற்றவர்கள் பார்த்த இடத்தில், நோட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று வாக்கர் பார்த்தார். 1986-ல் நான் செய்யத் தவறியது அதுதான்.

சரி, கதைக்கு வருவோம். 1917-ல் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டார்கள்: ஏதோ ஒரு எண்ணை எடுத்தால், வழக்கமாக அதற்கு எத்தனை பகாக் காரணிகள் இருக்கும்? எண்களில் உடைவதுதான் வழக்கம். 100 வரை 25 பகா எண்கள், 1000 வரை 168, பத்து லட்சம் வரை 78,498. அதாவது பத்து லட்சம் வரை போனால் நூற்றுக்கு எட்டுகூட உடையாமல் நிற்பதில்லை. மற்றதெல்லாம் உடைகிறது. ஆனால் பொடிப்பொடியாகவும் உடைவதில்லை. பத்து லட்சம் அளவுள்ள எண்களுக்கே வெவ்வேறான பகாக் காரணிகள் வழக்கமாக மூன்றை ஒட்டித்தான் என்று அவர்களுடைய விடையிலிருந்து தெரிகிறது. குறிப்பிட்ட ஓர் எண்ணைப் பற்றிக் கேட்காமல், ‘வழக்கமான’ எண் எப்படி இருக்கும் என்று கேட்கும் பழக்கம் இந்தக் கட்டுரைக்குப் பிறகு நன்றாக வேர்விட்டது.

ஆக எண்கள் நம் பூண்டு மாதிரி. உடைவது வழக்கம். கோவைகளோ அதற்கு நேர் எதிர். இந்த எதிர்நிலையை உலகம் எப்படிக் கண்டுகொண்டது?

ஒரு கோவை உடையாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்பதுதான் முதலில் வந்த பிரச்சினை. “நான் தேடினேன், கிடைக்கவில்லை” என்பது நிரூபணம் ஆகாது. தேடத் தெரியாதவன் என்று என்னைப் போல யாராவது சொல்லிவிடலாம். ஜெர்மனியில் காஸ் 1801-ல் வெளியிட்ட நூலிலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. முதல் உறுப்பின் கெழு 1 ஆகவும் மற்றவை முழு எண்களாகவும் உள்ள கோவை, பின்னங்களைப் போட்டு உடையும் என்றால் முழு எண்களைப் போட்டே உடையும் என்று காட்டினார். 1846-ல் ஷோனமானும் 1850-ல் ஐசன்ஸ்டைனும், கெழுக்களைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது உடையாது’ என்று சொல்லும் ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். 1882-ல் குரோனெக்கர், எந்தக் கோவையாக இருந்தாலும் உடையுமா உடையாதா என்று எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் தீர்மானிக்கும் வழியை விளக்கினார்.

இவற்றின் சாரத்தை நம் மலைப்பாதையை வைத்துச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து மேலே வருகிற வண்டி வழியில் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். ஒரு சாவடியில் பிடிபட்டாலும் மேலே வர முடியாது. கோவைக்கு 2, 3, 5, 7, 11, 13 என்ற ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு சாவடி. முழு எண்களில் உடைகிற கோவை, அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தாலும் உடைய வேண்டும். ஏதாவது ஒரு சாவடியில் உடையவில்லை என்றால் விஷயம் முடிந்தது. அந்தக் கோவைக்குக் காரணி கிடையாது.

1986-ல் நான் தவறாக எழுதிய கணக்கையே முதல் சாவடியில் நிறுத்துவோம்: ய² + 7ய + 21. ய-வுக்கு எந்த முழு எண்ணை வேண்டுமானாலும் போடுங்கள். ய² + 7ய என்பது ய × (ய + 7). இந்த இரண்டில் ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. பெருக்கினால் எப்போதும் இரட்டைப்படை. அதோடு 21 கூட்டினால் எப்போதும் ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண் ஒருநாளும் பூச்சியம் ஆகாது. கோவை (ய + 3) மாதிரி ஒரு காரணியோடு உடைவதாக இருந்தால், ய-வுக்கு −3 போடும்போது பூச்சியம் வந்தே ஆக வேண்டும். வராது. ஆகவே உடையாது. அவ்வளவுதான், நாலு வரி. நடு எண்ணும் கடைசி எண்ணும் ஒற்றைப்படையாக இருக்கிற எந்த இருபடிக் கோவையும் முழு எண்களில் உடையாது. நாலில் ஒரு பங்கு கோவைகள் இந்த முதல் சாவடியிலேயே பிடிபடுகின்றன. அந்தப் பையனை வராந்தாவில் நிறுத்திய நேரத்தில் இந்த நாலு வரியை அவனோடு உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

மற்ற சாவடிகளையும் பாருங்கள். 3-ஆம் சாவடியில் மூன்றில் ஒரு பங்கு பிடிபடும். 5-ல் ஐந்தில் இரண்டு. 7-ல் ஏழில் மூன்று. 7 வரை நான்கு சாவடிகளைத் தாண்டும்போது நூற்றுக்கு 17 இருபடிக் கோவைகள்தான் மிஞ்சுகின்றன. 13 வரை ஆறு சாவடிகளைத் தாண்டினால் 5. சாவடிகளுக்கோ முடிவே இல்லை, பகா எண்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. உடையாததுதான் வழக்கம் என்பதற்கு இதைவிட எளிய காரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாச் சாவடியையும் தாண்டிவிட்டதாலேயே உடையும் என்று சொல்லிவிட முடியாது. ய⁴ + 1 என்ற கோவை எந்தப் பகா எண்ணின் சாவடியிலும் பிடிபடாது. ஆனாலும் முழு எண்களில் அது உடையவே உடையாது. கணக்கில் இப்படிப்பட்ட ஆட்களும் உண்டு.

இனி நம் கேள்வியின் நேரடி வரலாறு. 1892-ல் ஹில்பர்ட் ஒரு தேற்றத்தை நிறுவினார். சில கெழுக்களை எழுத்துகளாகவே விட்டு வைத்த கோவை உடையாதது என்றால், அந்த எழுத்துகளுக்குப் பதிலாக எண்களைப் போடும்போதும் உடையாமலே நிற்கும்படி எண்ணற்ற விதங்களில் போடலாம் என்பது அதன் பொருள். எண்ணற்றது சரி, ஆனால் எத்தனைக்கு எத்தனை? இதைத் துல்லியமாகக் கேட்டவர் ஹாலந்துக்காரரான வான்டர் வார்டன். 1936-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, உடையும் சமன்பாடுகள் ‘அரிதானவை’ என்று அறிவித்துவிட்டார்.

மூன்று படியும் அதற்கு மேலும் உள்ள கோவைகளில் எவ்வளவு அரிது என்பதை நீங்களே ஊகிக்கலாம். கெழுக்களை −100 முதல் 100 வரை எடுப்பதாக வையுங்கள், மொத்தம் 201 எண்கள். கடைசி எண் பூச்சியமாக அமைந்துவிட்டால் ‘ய’ பொதுவாக வெளியே வந்துவிடும், கோவை உடைந்துவிடும். அதற்கு 201-ல் ஒரு வாய்ப்பு. இது மலிவான வழி. மற்ற எல்லா வழிகளையும் சேர்த்தாலும் உடையும் கோவைகளின் பங்கு இதே அளவில்தான் நிற்கிறது. எல்லையைப் பத்து மடங்கு ஆக்கினால் வாய்ப்பு பத்தில் ஒரு பங்காகிறது. 1963-ல் செலா என்பவர் இந்தக் கணக்கை இன்னும் துல்லியமாக்கினார்.

வான்டர் வார்டன் அதோடு நிற்கவில்லை. ஒரு கோவையின் மூலங்களை ஒன்றுக்கொன்று எத்தனை விதமாக இடம் மாற்றலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர் 20 வயதில் சாவதற்கு முன் எழுதி வைத்தது. மூன்று படிக்கு அதிகபட்சம் 6 விதம், நான்குக்கு 24, ஐந்துக்கு 120. வழக்கமான கோவைக்கு இந்த முழு சுதந்திரமும் இருக்கிறது. அது குறைகிற கோவைகளும், உடையும் கோவைகளைப் போலவே அதே அளவில்தான் அரிதாக இருக்கும் என்று வான்டர் வார்டன் ஊகித்தார். நிரூபிக்க முடியவில்லை. 1973-ல் காலகர், நான் சொன்ன சாவடி முறையைப் பெரிய சல்லடையாக்கிப் பாதித் தூரம் வந்தார். மீதித் தூரம் பல பதிற்றாண்டுகள் கிடந்தது.

2021-ல் அதை முடித்தவர் மஞ்சுல் பார்கவா. 1974-ல் கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர், தபலா வாசிப்பவர், 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அதற்கு முன்பே 2005-ல் கும்பகோணத்தில் சாஸ்த்ரா நிறுவனம் ஏற்படுத்திய ராமானுஜன் பரிசை, சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜனோடு சேர்ந்து முதன்முதலாகப் பெற்றவர். பத்தாம் வகுப்பில் நாம் படித்த தன்மைக்காட்டி ஞாபகம் இருக்கிறதா? நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து நாலு மடங்கு கடைசி எண்ணைக் கழிப்போமே, அதுதான். பெரிய படிக் கோவைகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் பகாக் காரணிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் வான்டர் வார்டனின் ஊகம் சரி என்று பார்கவா நிறுவினார். 1936-ல் கேட்ட கேள்விக்கு 85 வருடம் கழித்து விடை.

இன்னும் முடியாத பகுதியும் உண்டு. கெழுக்களைச் சின்ன எண்களாகவே வைத்துக்கொண்டு படியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால்? பூவா தலையா போட்டு, தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று கெழுக்களை எழுதுங்கள். கடைசி எண்ணை மட்டும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஏற ஏற, உடையாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நூறை நெருங்கும் என்று 1993-ல் ஒட்லிஸ்கோ, பூனன் இருவரும் ஊகித்தார்கள். 2019-ல் பிரெய்யார், வார்யூ இருவரும் ரீமான் கருதுகோளின் ஒரு வடிவத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு இதை நிரூபித்தார்கள். எதையும் கடன் வாங்காமல் 2020-ல் பாரி-சொரோக்கர், கோஸ்மா இருவரும் நிரூபித்தது, கெழுக்களை 1 முதல் 210 வரை எடுக்கும்போது. ஏன் 210? 2 × 3 × 5 × 7-ஐப் பெருக்கிப் பாருங்கள். மறுபடியும் நம் நாலு சாவடிகள்!

“உடையாத கோவையால் யாருக்கு என்ன லாபம்?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிவிட்டு ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறீர்களே, அந்த க்யூஆர் கோடில் கொஞ்சம் அழுக்குப் பட்டிருந்தாலும் கைபேசி சரியாகப் படித்துவிடுகிறது. பிழையைத் திருத்தும் அந்தக் கணக்கு ய⁸ + ய⁴ + ய³ + ய² + 1 என்ற கோவையின் மேல் நிற்கிறது. 2-ஆம் சாவடியில் உடையாத கோவை அது. அந்தச் சாவடியில் எட்டுப் படிக் கோவைகள் மொத்தம் 256, அவற்றில் உடையாதவை 30. அது உடைந்திருந்தால் அந்த வகுத்தல் கணக்கே நடக்காது.

இவ்வளவு எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன்.

நாம் பிள்ளைகளுக்கு உடைகிற கணக்குகளை மட்டுமே கொடுத்துப் பழக்கிவிட்டோம். அதனால் விடை வராத இடத்தில் ‘என்னிடம்தான் குறை’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. ‘விடை இல்லை’ என்பதும் விடைதான் என்று சொல்லிக்கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. கைடைப் பார்த்து எழுதியவனுக்கு டிக், நேர்மையாகத் தேடியவனுக்கு வராந்தா. இதை நான் செய்தேன். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பயிற்சியிலும் உடையாத கணக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். ‘ஏன் உடையாது?’ என்று கேளுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

மேல்மலைக்காரர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிப் போகிறவர்களில் அவரும் ஒருவர். பெயர் சொல்லவில்லை, ஆனால் படித்தால் அவருக்குத் தெரியும். அவருக்காக:

தம்பி, அந்த நாலாவது கணக்குக்கு வகுப்பிலேயே சரியான விடை எழுதியது நீ ஒருவன்தான். தப்பு என் கையெழுத்தில் இருந்தது. தெரிந்த பிறகும் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. உனக்குக் கணக்கு வரும். அன்றைக்கும் வந்தது. இன்று ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒற்றைப்படை, இரட்டைப்படை நாலு வரியை அவளுக்குச் சொல்லிக் கொடு. முழு மதிப்பெண். டீச்சரை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு வழக்கம்போல வீட்டுப்பாடம்: ய⁴ + 1 உடையாது என்று சொன்னேன். ய⁴ + 4 உடையுமா, உடையாதா? விடையைக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். கைடு பார்க்கக் கூடாது. தேடிக் கிடைக்கவில்லை என்றாலும், எங்கெங்கே தேடினீர்கள் என்று எழுதுங்கள். இந்த முறை எல்லா நோட்டையும் முழுசாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்